வந்து போகிறவரின் கடன்

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாளிலேயே நின்றும் போனது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். கடற்கரையே இல்லாத மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. ஆனாலும் கல்லாவியிலோ ஊத்தங்கரையிலோ இருக்கிற ஒரு குடும்பம் இரவோடு இரவாக நாகைக்குப் போய், கப்பலேறி, யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு வருவது இன்று நடக்கக்கூடிய காரியம். நல்லூர் கோயில், கீரிமலை, பொது நூலகம் என்று பட்டியல் போடும்போது, ‘ஒரு நாள் நெடுந்தீவு’ என்ற வரியும் தானாக வந்து சேரும். படகு எத்தனை மணிக்கு, திரும்புவது எத்தனை மணிக்கு, சாப்பாடு எங்கே, என்னென்ன பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டும் என்பது என் வாதம். நாம் போய் இறங்கும் அந்த நாள், அங்கே வாழ்கிறவர்களுக்கு எப்படிப்பட்ட நாளாகக் கழியும்? சுற்றுலாத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கேள்வியாக இதை நான் நினைக்கவில்லை. இது அறம் சம்பந்தப்பட்டது. சமயங்கள் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கின்றன. நாம்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிட்டோம்.

முதலில் தீவைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு என்று போகும் சாலை குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான நிலம். சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊரான டெல்ஃப்டின் பெயரை இதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் உருவம் சிறுத்துக் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. இடிந்த கோட்டை ஒன்று, புறாக்கூடு ஒன்று, அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம் ஒன்று. இவற்றையெல்லாம் விடக் கண்ணில் நிற்பவை வேலிகள்தான். பவளக் கற்களைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். கடற்காற்று அதன் வழியே போய்விடுவதால் சுவர் சாய்வதில்லை. ஆடு மாடு உள்ளே வராது. தீவுக்கு அடியிலும் பவளச் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீர் அதில் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தக் கிணறு உடனே திரும்பாது. ஒரு நாள் பயணியின் திட்டத்தில் குதிரையும் கோட்டையும் இருக்கும், இந்தத் தண்ணீர்ப் படலம் இருக்காது. என் வாதம் முழுவதும் அந்தப் படலத்தின் மேல்தான் நிற்கிறது.

தமிழ் அறநூல்களில் விருந்து பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. திருக்குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே உண்டு. ஆனால் அதிலுள்ள பத்துக் குறளும் வாசலில் நின்று வரவேற்பவரைப் பார்த்தே பேசுகின்றன. முகம் கோணக் கூடாது, தனித்து உண்ணக் கூடாது, வந்தவரை அனுப்பிவிட்டு வருகிறவரை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று எல்லாம் அவருக்கே விதி. வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே நேராகச் சொல்லப்படவில்லை. இது தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்து விருந்தாளி கால்நடையாக வந்தவர், களைத்தவர், கையில் ஒன்றும் இல்லாதவர். வலிமை வீட்டுக்காரரிடம் இருந்தது, அதனால் கடமையும் அவர் தலையில் ஏறியது. இன்று நெடுந்தீவுக்குப் போகிறவர் கையில் பணம், தோளில் கேமரா, அன்றே திரும்பும் வழி எல்லாம் இருக்கின்றன. வீட்டுக்காரரிடம் இருப்பது உப்பு ஏறக்கூடிய ஒரு கிணறு. வலிமை இடம் மாறிவிட்டபோது கடமை மட்டும் பழைய இடத்திலேயே இருப்பது சரியாகுமா? இதற்கு வழிகாட்டும் அதிகாரமும் அதே நூலில் இருக்கிறது, வேறு தலைப்பில். இரவச்சம் என்ற அதிகாரம் கேட்கிறவரின் பக்கம் நின்று பேசுகிறது. பசுவுக்காகத் தண்ணீர் கேட்டாலும் அந்தக் கேட்பு நாவுக்கு இழிவு என்கிற அளவுக்குப் போகிறது. வள்ளுவர் எடுத்துக்கொண்ட பொருள் பொன்னோ நெல்லோ ஆக இருந்திருக்கலாம். தண்ணீரை எடுத்துக்கொண்டார். நெடுந்தீவுக்குப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது விருந்தோம்பலைக் காட்டிலும் இந்த அதிகாரத்தைத்தான் என்பேன்.

மற்ற சமயங்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசின. ‘திதாக்கே’ என்னும் ஆதிக் கிறிஸ்தவக் கையேடு, ஊர் ஊராக வரும் போதகர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி என்று அறிந்துகொள்ளுங்கள் என்கிற பொருளில் சொல்கிறது. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான ரொட்டிக்கு மேல் அவர் எடுக்கக் கூடாது. நபிமொழி விருந்துக்கு மூன்று நாள் என்று வரம்பு வைத்து, உபசரிப்பவரைச் சிரமத்துக்கு உள்ளாக்கும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்று சேர்த்துச் சொல்கிறது. ஹஜ் போகிறவர் வழிக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. நமக்கு நன்றாகத் தெரிந்த இருமுடியும் அதையேதான் செய்கிறது. முன்கட்டில் சாமிக்கு நெய்த்தேங்காய், பின்கட்டில் போகிறவரின் சொந்தத் தேவைக்கு அரிசியும் சாமானும். தலையில் பாதிச் சுமை கடவுளுக்கு என்றால், மீதிப் பாதி வழியில் இருக்கிற ஊர்க்காரருக்குப் பாரமாக இருக்காமல் இருப்பதற்கு. பௌத்தத்தில் மழைக்கால ஒடுக்கம் வந்த கதை இவை எல்லாவற்றையும் விட நம் கேள்விக்கு நெருக்கமானது. மழைக்காலத்திலும் பிக்குகள் நடந்துகொண்டே இருந்தார்கள், பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று ஊர் மக்கள் முறையிட்டார்கள், அதன் பிறகே மழை மாதங்களில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று புத்தர் விதித்தார் என்கிறது விநய நூல். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நடக்கிற காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அங்கே பிக்குகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஊர் மக்கள். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கடவுளை வணங்கியவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். விருந்தாளியின் வரம்பை விருந்தாளியின் ஆசையை வைத்து அளப்பதில்லை, இடம் கொடுப்பவரின் கொள்ளளவை வைத்தே அளக்க வேண்டும்.

இதை நெடுந்தீவுத் திட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். தண்ணீர் பற்றி நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை படிந்த தலைமுறைகள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் நம் குழாய்களை எட்டியது. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊரிலிருந்து போகிறவர், இன்னொரு ஊரின் குடத்தில் கை வைக்கக் கூசத்தான் வேண்டும். குடிக்கவும் கை கழுவவும் வேண்டிய தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போவது பெரிய தியாகம் ஆகாது, பின்கட்டு அவ்வளவுதான். அடுத்தது படகில் இடம். ‘குமுதினி’, ‘வடதாரகை’ போன்ற படகுகள் தீவுக்காரரின் பேருந்து மாதிரி. மருத்துவமனைக்குப் போகிறவர், அரசு அலுவலகமான கச்சேரியில் கையெழுத்து வாங்கப் போகிறவர், எரிவாயு உருளையும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர் எல்லாருக்கும் அதே பலகைதான். காலையில் முண்டியடித்து ஏறும் இருபது பேர் கொண்ட ஒரு சுற்றுலாக் கூட்டம், அன்றைக்கு இருபது பேரின் வேலையை மறுநாளுக்குத் தள்ளக்கூடும். தீவுக்காரர் ஏறிய பிறகு ஏறுவது, கூட்டமாகப் போனால் தனிப்படகு பேசிக்கொள்வது என்பவை திட்டத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை. பிறகு பருவம். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோகும். கடும் கோடையில் குளம் வற்றிக் குதிரைகளே தண்ணீருக்குத் தவிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, மழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் இருக்கும் மாதங்களில் போகலாம். நமக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதம் அந்த ஊருக்குத் தோதான மாதம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டியதுதான். எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் தீவுக்கு என்ன லாபம்? பயணி கொண்டுவரும் பணம்தானே அந்த ஊருக்கு வரவு? யாத்திரிகரின் ஒழுக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டினால், நாம் யாருக்கும் பாரமாக இல்லாமல் போய், யாருக்கும் பயன்படாமல் திரும்பி வருவோம். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். இதற்கு விடை தேடும்போது மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன்தான் நினைவுக்கு வருகிறான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு கப்பலில் போகிறான். மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்கும்போது இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. மணிபல்லவம் குறிகட்டுவானுக்கு எதிரே உள்ள இன்றைய நயினாதீவுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அங்கே ஆள் இல்லை. கையில் வற்றாத சோறு இருந்தும், ஊட்ட ஆள் இல்லாத இடத்தில் தான் மட்டும் உண்டு வாழ அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிரை விடுகிறான். அவ்வளவு தூரம் நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் கொண்டுபோகும் வளம் அந்த இடத்து மனிதருக்குப் பயன்பட்டால்தான் அதற்கு அர்த்தம் என்று அந்தக் கதை நினைக்கிறது. அதனால் ஒரு வேறுபாடு பார்க்கச் சொல்கிறேன். தீவில் குறைந்துபோகிற பொருள் எது, தீவுக்காரரின் உழைப்பில் கூடுகிற பொருள் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், படகில் இடம், எரிபொருள் எல்லாம் குறைகிறவை, அவற்றில் நம் பங்கை நாமே சுமக்க வேண்டும். சமையல், ஆட்டோ ஓட்டம், வழிகாட்டல், மீன், பனங்கிழங்கு, பனாட்டு எல்லாம் உழைப்பில் விளைகிறவை, அவற்றுக்குப் பேரம் பேசாமல் காசு கொடுக்க வேண்டும். மதியச் சோற்றை முதல்நாளே சொல்லிவைத்து அங்கேயே ஒரு வீட்டிலோ கடையிலோ சாப்பிடுவது யாழ்ப்பாணத்துப் பொட்டலத்தைப் பிரிப்பதை விட நல்லது. சொல்லாமல் கொள்ளாமல் போய் முப்பது பேருக்குச் சோறு கேட்டால் அதுவே திரும்பவும் பாரம் ஆகிவிடும்.

இன்னொரு மறுப்பு இன்னும் ஆழமானது. நகரத்து இரைச்சலிலிருந்து தப்பித்து, எளிமையான ஓரிடத்தைத் தேடிப் போவது மனிதருக்கு ஆன்மிகத் தேவை, அதைக் கணக்குப் பார்த்துக் கெடுக்காதீர்கள் என்பார்கள். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி மாறி உழைக்கிறவருக்கு அமைதி தேவை என்பதை யார் மறுக்க முடியும்? எனக்கு உள்ள தயக்கம் அந்த எளிமை யாருடையது என்பதில். துறவியின் எளிமை அவர் தானாகத் தேர்ந்தது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். தீவுக்காரரின் எளிமையில் பெரும்பகுதி வாய்ப்பு இல்லாததால் வந்தது. பவளக்கல் வேலி அழகுதான். கையில் கிடைத்த கல்லை வைத்து ஆட்டைத் தடுக்க ஒருவர் வெயிலில் நின்று அடுக்கியது அது. அதை ரசிக்கலாம், ‘இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்று ஆசைப்படுவதில்தான் பிழை தொடங்குகிறது. நம் மாவட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரிலிருந்து பைக்கும் காரும் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கம் ஏறுகின்றன. வருகிறவர்களுக்கு மண் பாதையும் சிக்னல் இல்லாத அமைதியும் பிடிக்கிறது. அதே மலைக் கிராமத்துக்காரர் தார்ச் சாலைக்கும் ஆம்புலன்ஸுக்கும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்கிவிடுகிறவருக்கு அந்த மண் பாதை ஒரு நாள் இன்பம், பிரசவ வலியோடு இறங்குகிறவளுக்கு அது வேறு. கரீபியக் கடலில் பார்புடா என்ற தீவில் இந்தப் பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தது. அண்டைத் தீவான ஆன்டிகுவாவிலிருந்து ஒரு நாளில் படகில் போய்வரும் இடம், மிகக் குறைந்த மக்கள், கப்பற்கூழைக்கடாப் பறவைகள் கூடும் காயல், ஆளில்லாத நீண்ட மணற்கரை. அந்தக் கரை அப்படியே இருந்ததற்குக் காரணம், அங்கே நிலம் ஊர்ப் பொதுவாக இருந்ததுதான். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி அடித்து மக்கள் அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்கு அப்புறப்படுத்தினார்கள். அதன்பின் பொதுநில உரிமையே வழக்கு மன்றம் ஏறியது. வசதிபடைத்தோருக்கான மனைகளும் விடுதிகளும் கரைக்கு வந்தன. ஆளரவமற்ற எளிமையைத் தேடி வந்தவர்களின் ஆசைதான் அந்த மணலுக்கு விலை வைத்தது.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. தனிமை தீவுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுகிறவர்கள் 1985 மே 15 அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடல் நடுவே மறித்து, குழந்தைகள், பெண்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிந்தைய போர் ஆண்டுகளில் கடல்வழி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாமல் அந்த மக்கள் வாழ்ந்தார்கள். ஆள் வராத தீவில் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. தொலைவில் இருக்கிறவர்களை நினைவில் வைத்திருப்பதும் அறம்தான், போய்ப் பார்ப்பது அந்த நினைவுக்கு ஒரு வழி. அதே படகு வழியில், அதே பெயர் எழுதிய படகைப் பார்த்து நிற்கிறவர், குதிரையோடு படம் எடுத்துக்கொள்ளும் முன் இந்த நாளைத் தெரிந்துகொண்டு போவது அவர் செலுத்தும் மரியாதை. இதற்குத் தண்ணீரும் செலவாகாது, இடமும் பிடிக்காது.

ஒரே ஒரு நாளில் ஓர் ஊரை என்ன அறிந்துவிட முடியும் என்ற ஏளனமும் உண்டு. ஒன்றும் முழுதாக அறிய முடியாது, உண்மை. ஆனால் அறிவதற்காகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? ‘திதாக்கே’ கையேடு போதகரையே ஒரு நாளோடு புறப்படச் சொன்னது, அவர் ஊரை ஆராய வந்தவரும் இல்லை. குறைந்த நேரம் குறைந்த பாரம். மாதக்கணக்கில் தங்கி எழுதுகிறவரை விட, காலையில் வந்து, தன் தண்ணீரைத் தான் குடித்து, ஒரு வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிட்டு, குப்பையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும் படகுக்கு வரிசையில் நிற்கிறவர் அந்த ஊருக்கு நல்ல விருந்தாளியாக இருக்கலாம். ஒரு நாள் போதாது என்ற குறை பயணிக்குத்தான். ஒரு நாள் தாங்குமா என்பது ஊரின் கவலை. இரண்டும் மோதும்போது ஊரின் கவலைக்கே முதலிடம்.

ஆகவே யாழ்ப்பாணத் திட்டம் போடுகிறவர் செய்ய வேண்டிய ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். நெடுந்தீவுக்கு என்று ஒதுக்கிய நாளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாளைக் காலியாக விடுங்கள். காலியாக விட்ட நாள் இல்லாதவரால் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்ற சொல்லை ஏற்க முடியாது. கட்டிய பணமும் திரும்பும் கப்பலும் அவரை நெருக்கும், அவர் படகுக்காரரை நெருக்குவார். சபரிமலைக்கு மாலை போட்டவர் நாற்பத்தொரு நாளை முன்னால் விட்டுவைக்கிறார், ஹஜ் பயணிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு இருக்கிறது. யாத்திரையில் காத்திருத்தல் உள்ளடங்கியது, சுற்றுலாவில் நாம் அதை வெட்டி எடுத்துவிட்டோம். குறிகட்டுவானில் கடல் சரியில்லை என்றாலோ, தீவுக்காரர் கூட்டம் அதிகம் என்றாலோ, அதே இறங்குதுறையிலிருந்து நயினாதீவு சிறிது நேரப் பயணம்தான், கடல் அனுமதித்தால் அங்கே போகலாம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் யாத்திரிகர் கூட்டத்துக்குப் பழகிய இடங்கள், வருகிறவருக்குச் சோறு போடும் அன்னதான மடமும் அங்கே உண்டு. மறுநாள் காலை கடலையும் வரிசையையும் பார்த்துவிட்டு நெடுந்தீவுப் படகுக்கு மறுபடி வரலாம்.